பாலக்காடு முதல் போடிமெட்டு வரை

தென்னாட்டின் மேற்கு எல்லையில் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஓரிடத்தில் மட்டும் விலகி வழிவிடுகின்றது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். இதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியாகவே கொங்குநாட்டுக்குள் நுழைந்து வேனிலின் வெம்மையைத் தணிக்கின்றது. பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மிளகு வணிகர் நடந்ததும் இவ்வழியே. 1862-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பட்டாம்பியிலிருந்து போத்தனூர் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அதுவும் இக்கணவாயையே நாடியது. காற்றுக்கும் வணிகனுக்கும் இடங்கொடுத்த வழி படைகளுக்கு மட்டும் கதவடைக்குமா? அடைக்கவில்லை. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் சிறிது சொல்ல விரும்புகின்றேன்.

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு ஆண்டுதோறும் விடுமுறைப் பாஸ் கிடைக்கும். இவ்வாண்டு அதைக் கொண்டு பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்கும், அங்கிருந்து போடிநாயக்கனூருக்கும், பின்னர்ப் பேருந்தில் மலையேறி இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறைக்கும் சென்று வந்தேன். உடன் வந்தவர் என் தாய்மாமன். படையில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லங்கோட்டுக்கு அருகே குடியிருக்கிறார். கேரள மாநிலத்தைச் சேர்ந்ததேயாயினும் அப்பகுதியில் வீட்டுக்கு வீடு தமிழ் ஒலிக்கும் என்பதை அன்பர்கள் அறிவர்.

புறப்படுவதற்கு முதல்நாள் பாலக்காட்டுக் கோட்டையைக் கண்டோம். ஊரார் இதனைத் திப்புவின் கோட்டை என்பர். கட்டியவர் அவர் தந்தை ஐதர் அலி, ஆண்டு 1766. உயர்ந்த கருங்கல் மதில். சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. உள்ளே ஓர் ஆஞ்சநேயர் கோயில். மாலையில் மக்கள் காற்று வாங்க நடக்கும் இடமாக இன்று அது அமைதியாக இருக்கின்றது. ஆனால் இக்கோட்டை இங்கே எழுந்த காரணத்தை எண்ணினால் மனம் அமைதி கொள்வதில்லை.

பாலக்காடு ஒரு சிறு நாடு. 1757-இல் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படை அதனை நெருக்கியது. தனித்து நின்று தடுக்க வலிமை இல்லாத பாலக்காட்டு அரசர், அப்போது திண்டுக்கல்லில் மைசூர் அரசின் படைத்தலைவராக இருந்த ஐதர் அலியிடம் உதவி வேண்டினார். ஐதர் தம் மைத்துனரின் தலைமையில் படை அனுப்பினார். சாமூதிரி பின்வாங்கினார்; போர்ச்செலவுக்காகப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார்; ஆனால் கொடுக்கவில்லை. அந்தக் கடனைச் சொல்லிக்கொண்டுதான் 1766-இல் ஐதர் பெரும்படையோடு மலையாள நாட்டுக்குள் இறங்கினார். உதவிக்கு அழைக்கப்பட்டவர் கோட்டை கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். பின்னர் அக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கும் மைசூரார் கைக்கும் மாறி மாறிச் சென்று, 1790-இல் முடிவாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. இத்தனை கைமாற்றங்களிலும் பாலக்காட்டு அரசரின் விருப்பத்தைக் கேட்டவர் எவருமிலர்.

பெரிய அண்டைநாட்டைத் துணைக்கு அழைப்பது, சிறிய நாட்டுக்கு உள்ள வழிகளுள் ஒன்று. வேறு வழிகளும் உண்டு. அவற்றைக் கையாண்டு பார்த்த நாடு திருவிதாங்கூர்.

எங்கள் வண்டி புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை என்னும் நிலையங்களைக் கடந்து சென்றது. முதலமடை நிலையத்தின் ஆலமரங்கள் பயணிகளின் கண்ணைக் கவர்வன. அதனைச் சூழ்ந்த மாந்தோப்புகளும் பேர்பெற்றவை. தெற்கே ஆனைமலை நீலச்சுவர் போலத் தொடர்ந்து வந்தது. அம்மலையின் மறுபுறத்து அடிவாரம்வரை ஒருகாலத்தில் மெய்யாகவே ஒரு சுவர் இருந்தது. அதன் பெயர் நெடுங்கோட்டை. வைப்பின் கரையருகே தொடங்கி மலையடிவாரம்வரை ஏறத்தாழ 30 மைல் நீளத்துக்கு மண்மதிலும், அகழியும், முள்மூங்கில் வேலியுமாக அது எழுப்பப்பட்டது. வடக்கிலிருந்து வரும் படைகளை எல்லையிலேயே நிறுத்துவது அதன் நோக்கம்.

அதனை வகுத்தவர் டிலனாய் என்னும் ஐரோப்பியர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மர் வென்றபோது சிறைப்பட்டவர் இவர். அரசர் இவரைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அளித்தார். பகைவனிடமிருந்த அறிவைத் தம் நாட்டுக்கு உரியதாக்கிக்கொண்டார். டிலனாய் 1777-இல் இறந்தார். குமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கின்றது. அதில் தமிழிலும் இலத்தீனிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நாகர்கோவில் பக்கம் செல்லும் அன்பர்கள் பார்த்து வரலாம்.

சுவர் காத்ததா? 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் தொடுத்த முதல் தாக்குதலை நெடுங்கோட்டை தடுத்து நிறுத்தியது. 1790 ஏப்ரலில் அவர் பீரங்கிகளோடு மீண்டும் வந்தபோது சுவர் உடைந்தது. மைசூர்ப்படை பெரியாற்றங்கரையில் ஆலுவாவரை வந்தது. அப்போது பருவமழை பெய்து ஆறு பெருகியது. அதே வேளையில் ஆங்கிலேயர் மைசூர்மீது போர் தொடங்கவே, திப்பு திரும்பினார். நாடு பிழைத்தது, சுவரும் மழையும் ஆங்கில நட்பும் கூடிக் காத்தன.

ஆனால் நட்புக்கும் விலை உண்டு. 1795-இலும் 1805-இலும் திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியோடு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. காவற்படைக்காக ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டியதாயிற்று. அச்சுமை தாங்காமலும் தலையீடு பொறாமலும் திவான் வேலுத்தம்பி 1809 சனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்துப் போரிட்டுத் தோற்று உயிர்நீத்தார். அதன்பின் திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. குளச்சலில் ஐரோப்பிய வல்லரசு ஒன்றை வென்ற நாடு, எழுபது ஆண்டுகள் கழியுமுன் தன் வாளைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டது.

இவ்வழிகள் இன்றைய உலகிலும் மாறவில்லை. சுவிட்சர்லாந்து தன் குடிமக்களையே படையாக வைத்திருக்கின்றது. கட்டாயப் படைப்பணியை நீக்கலாமா என்று 2013-இல் மக்களைக் கேட்டபோது, நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கினர் வேண்டா என்று வாக்களித்தனர். சிங்கப்பூர் 1967 முதல் தன் இளைஞர்களைப் படைப்பணிக்கு அழைக்கின்றது. அங்குள்ள நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் பதினெட்டு வயதை ஒட்டிச் சீருடை அணிகின்றனர். கோஸ்டாரிகா 1948-இல் படையையே கலைத்துவிட்டது. ஐஸ்லாந்துக்குச் சொந்தப் படை இல்லை. ஆயினும் 1949-இலேயே நேட்டோ உடன்படிக்கையில் சேர்ந்துகொண்டது. ரஷ்யாவோடு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் எல்லை கொண்ட பின்லாந்து, நெடுங்காலம் கூட்டணிகளில் சேராதிருந்து, 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் அண்டைநாட்டைப் பார்த்துத் தன் வழியைத் தேர்கின்றது. செலவில்லாத வழி என்று ஒன்று இல்லை.

நிற்க. கணக்கு எழுதுவது என் தொழில். இவ்வழிகள் எல்லாவற்றிலும் ஏட்டில் ஏறாத ஒரு செலவு உண்டு என்பதை என் மாமாவின் வாழ்க்கையைக் கொண்டே அறிந்தேன்.

கொல்லங்கோட்டுக்கு அண்மையில் உள்ளது நெம்மாறை. அங்கும் அடுத்த ஊராகிய வல்லங்கியிலும் ஆண்டுதோறும் மீன மாதம் இருபதாம் நாள், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், வேலைத் திருவிழா நடைபெறும். இரண்டு ஊர்களும் போட்டியிட்டு வாணவேடிக்கை நிகழ்த்தும். பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து கூடுவர். ஆனால் மாமா மட்டும் ஒவ்வோராண்டும் அதற்கு மூன்று நாள் முன்னதாகவே பூப்பாறையில் உள்ள தம் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். "மாமாவுக்கு மலைக்காற்று பிடிக்கும்" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இளமையில் நானும் அப்படியே நம்பினேன். இம்முறை அவரோடு செல்வதற்காக நான் வந்து தங்கியிருந்த இரவில் அத்தை உண்மையைச் சொன்னார்.

மாமா 1980-இல் படையில் சேர்ந்தவர். 1987-இல் இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணம் சென்றார். அவ்வாண்டு சூலை 29-இல் கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கை செய்துகொண்டனர். உள்நாட்டுப் போரில் சிக்கிய சிறிய நாடு பெரிய அண்டைநாட்டின் படையை ஏற்றுக்கொண்டது. அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிட நேர்ந்தது. 1989-இல் இலங்கையின் புதிய குடியரசுத் தலைவர் பிரேமதாசா, படை திரும்பவேண்டும் என்று கேட்டார். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் கப்பலேறினர். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். அப்போரில் மாண்ட ஈழத்துப் பொதுமக்கள் பலர். பாலக்காட்டு அரசர் ஐதரை அழைத்த கதையும் இதுவும் ஒன்றல்ல. காலமும் நோக்கமும் வேறு. ஆனால் சிறிய நாடு பெரிய நாட்டை அழைத்தால், இருவருமே எண்ணாத இடத்தில் போய் நிற்க நேரும் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

மாமா திரும்பி வந்தார். உடம்பில் காயம் இல்லை. 1991-இல் விடுமுறையில் ஊரில் இருந்தபோது வேலை வந்தது. முதல் வெடி முழங்கியதும், திண்ணையில் விளையாடிக் கொண்டிருந்த ஐந்து வயது மகளைத் தள்ளித் தரையில் கிடத்தி அவள்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். நால்வர் சேர்ந்துதான் அவரை எழுப்ப முடிந்ததாம். குழந்தையின் கை முறிந்திருந்தது. "அதற்குப் பிறகு அவர் அவளைத் தூக்கவே இல்லை, தம்பி. அவள் ஓடி வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்" என்றார் அத்தை. ஊரில் சிலர் அவர் குடித்திருந்தார் என்றனர். சிலர் பட்டாளத்துக்காரன் வெடிக்குப் பயப்படுகிறான் என்று சிரித்தனர். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே வீட்டார் மலைக்காற்றுக் கதையைக் கட்டினர்.

இது கோழைத்தனமன்று, நோய். இதனை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. முதல் உலகப்போரில் குண்டு முழக்கத்தால் நிலைகுலைந்த வீரர்களைப் பற்றி மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1915-இல் எழுதினார். அப்போரில் படையைவிட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ் வீரர்களுக்கு 2006-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியது. மையர்சின் நண்பர் ரிவர்ஸ் நமக்குச் சற்று அறிமுகமானவர். 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே பழகி, அவர்தம் வாழ்க்கையைக் குறித்து 1906-இல் பெருநூல் வெளியிட்டவர் அவர். பத்தாண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவை அடுத்த மருத்துவமனையில் போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். நடந்ததை மறந்துவிடு என்று வீரனை வற்புறுத்துவதே அவன் நோயை வளர்க்கின்றது. நம்பிக்கையான ஒருவரிடம் அவன் அதைச் சொல்ல இடம் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்நோய்க்குத் தனிப்பெயர் வகுத்தனர். ஈழத்தில் போரின் கொடுமையை நேரில் கண்ட தமிழ் மருத்துவர்கள் இதற்கு "மனவடு" என்னும் சொல்லை வழங்குகின்றனர். புண் ஆறினாலும் வடு நிற்கும்.

திண்டுக்கல் மலைக்கோட்டை வண்டியிலிருந்து தெரிந்தது. பாலக்காட்டு அரசரின் தூதர் நாடி வந்த ஊர் இதுவே என்று மாமாவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேளாமலே, சிலவற்றைச் சொன்னார்.

தமிழ் பேசத் தெரிந்தவர் என்பதால் வீடுகளைச் சோதனையிடும்போது அவரையே முன்னே அனுப்புவார்களாம். ஒரு வீட்டில் ஒரு மூதாட்டி அவர் பேச்சைக் கேட்டதும் அச்சம் நீங்கி, "தம்பி, உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டுச் செம்பில் தண்ணீர் கொடுத்தாராம். சில வாரங்களுக்குப் பின் அத்தெரு வழியே சென்றபோது அந்த வீடு இல்லை. "கிணறு மட்டும் இருந்தது, மாப்பிள்ளை. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நான் ஊர்ப்பெயர் சொல்லாமல் வந்துவிட்டேன்" என்றார். யாருடைய குண்டு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி மதுரை சேரும்வரை இருவரும் பேசவில்லை.

மதுரையிலிருந்து போடி செல்லும் பாதை 1928-இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 சூன் 15-இல் போடிவரை மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வழியில் வரும் ஆண்டிபட்டி வட்டாரத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் உள்ளது. 2006-இல் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. தமிழகத்தில் கிடைத்த மிகப் பழைய நடுகற்களுள் அவை அடங்கும். ஆநிரை கவரும் பூசலில் வீழ்ந்த ஒரு வீரனின் பெயரையும் ஊரையும் அவற்றுள் ஒரு கல் இன்றும் சொல்கின்றது. கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவதுவரை நடுகல்லுக்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வீழ்ந்த வீரனை மறவாதிருக்க நம் முன்னோர் இத்துணை முறை செய்தனர். ஆனால் உயிரோடு மீண்டு உறக்கமின்றி வாழும் வீரனுக்கு நாம் என்ன முறை வைத்திருக்கின்றோம்?

போடியிலிருந்து பேருந்து மலையேறியது. பதினேழு கொண்டையூசி வளைவுகள். போடிமெட்டில் தமிழக எல்லை முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகின்றது. ஏலக்காய்த் தோட்டங்களின் மணம் காற்றில் வந்தது. இப்பகுதித் தோட்டங்களில் உழைப்போர் பலர் தமிழர். காலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பேறி வந்து மாலையில் திரும்புவோரும் உண்டு. 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. பெரியாற்று நீருக்காக 1886-இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகை எழுதிக் கொடுத்ததும் இம்மலைத்தொடரின் தெற்கேதான். அந்நீரால் மதுரைச்சீமை வாழ்கின்றது. அக்கையெழுத்தைக் குறித்த மனத்தாங்கல் கேரளத்தில் இன்றும் இருக்கின்றது. வலிமையில் ஒவ்வாத இருவர் செய்யும் உடன்படிக்கை எத்துணை நன்மை தந்தாலும் மனத்தாங்கலையும் விட்டுச்செல்கின்றது.

பூப்பாறையில் மாமாவின் மகள் வாயிலில் காத்திருந்தார். இடக்கை முழங்கையருகே சிறிது கோணியிருப்பது இப்போதுதான் என் கண்ணில் பட்டது. இரவு உணவுக்குப் பின், மாமா உறங்கச் சென்றதும், அந்த நாளைப்பற்றிக் கேட்டேன். "கை வலித்தது நினைவில்லை. அப்பாவின் நெஞ்சு அடித்த சத்தம்தான் நினைவிருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் மேலே விழுந்தார் என்று அப்போதே எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லத்தான் இத்தனை ஆண்டாக வாய் வரவில்லை" என்றார். மறுநாள் காலை, தேநீர்க் கிண்ணத்தோடு தந்தையின் அருகில் அவர் போய் அமர்ந்ததைக் கண்டேன். என்ன பேசினார்கள் என்று அறியேன். நான் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது மகளின் இடக்கையை மாமா தம் இரு கைகளிலும் வைத்துக்கொண்டிருந்தார்.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் படையில் பணியாற்றியவர்கள் இருக்கின்றனர். இனிச் சேரப்போகும் பிள்ளைகளும் இருக்கின்றனர். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி சேரும் இளைஞருள் நான்கு ஆண்டு முடிவில் கால்பங்கினர் வரையே நிலைபெறுவர். ஏனையோர் இருபத்தைந்து வயதுக்குள்ளேயே வீடு திரும்பக்கூடும். அவர்களை எதிர்கொள்ள வீடு ஆயத்தமாக இருக்கவேண்டும். "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று விளையாட்டாகவும் கேளாதிருப்போம். அவர்கள் பேச முன்வரும் நாளில் வேலையை ஒதுக்கிவைத்துக் கேட்போம். உறக்கமின்மை, திடுக்கிடல், காரணமற்ற சினம், ஓயாத குடி ஆகியவற்றைக் குணக்கேடு என்று தள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இந்தியாவில் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவி தமிழிலும் கிடைக்கின்றது. படையினருக்காகவே 2023 டிசம்பரில் புனேயில் அதன் தனிப்பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்வேன். தீபாவளியோ திருவிழாவோ, வெடி வைக்குமுன் தெருவில் படைவீரர் வீடு இருந்தால், இன்ன நேரத்தில் வெடிப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்போம். எதிர்பாராத ஒலியே அவர்களை வருத்துவது. நாட்டின் எல்லையில் நமக்காக விழித்திருந்தவர் நம் தெருவில் ஓர் இரவு நிம்மதியாக உறங்க, இவ்வளவேனும் நாம் செய்யலாம்.